தகரமும் தாளும்

பெருங்களத்தூரில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடைக்கு ஒரு ஞாயிறு காலை எங்கள் தெருத் தம்பி ஒருவன் தேடிக்கொண்டு வந்தான். வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. உட்கார்ந்ததும் போனை நீட்டினான். வெள்ளை மாருதி 800, 1998 மாடல், விலை 55,000. “இன்ஜின் சத்தமே இல்லையாம்ணா. பெயின்ட்டும் புதுசா அடிச்சிருக்காங்க. எடுத்துடலாமா?”

ஆபீஸ் போக அவனிடம் பைக் இருக்கிறது. பழைய கார் ஒன்றை வாங்கி, சனி ஞாயிறுகளில் தானே கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஆசை. அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரியும். நான் மெக்கானிக் இல்லை. இருபது வருடமாக விடுமுறை நாட்களைப் பழைய கார்களோடு கழிப்பவன். ஒரு பத்மினியும் இரண்டு 800-உம் என் கைவழியாகப் போயிருக்கின்றன. இரண்டு டீ சொல்லிவிட்டு அவனிடம் பேசியதை, அதே ஆசை உள்ள மற்றவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

அவன் கேள்வியில் இரண்டு சொற்கள் இருந்தன: இன்ஜின், பெயின்ட். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். நான் சொல்வது நேர் எதிர். பழைய காரில் இன்ஜின்தான் சரிசெய்யக் கூடிய பொருள். இறக்கலாம், போர் போடலாம், ரிங் மாற்றலாம். எதுவும் முடியாவிட்டால் வேறு இன்ஜினே வாங்கி, ஆர்.சி.யில் முறையாகப் பதிந்து வைக்கலாம். சரிசெய்து கட்டுப்படியாகாதவை இரண்டுதான். ஒன்று தகரம், இன்னொன்று தாள். துருப்பிடித்த பாடியும் சிக்கலான ஆர்.சி.யும் உள்ள வண்டியை, இன்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், தொடாமல் திரும்பி வந்துவிட வேண்டும்.

அதற்கு முன், எந்த வண்டி என்பது பற்றிக் கொஞ்சம். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான், வண்டலூர்ப் பக்கமாக, ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இயங்கியது. 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் அங்கேதான் உருவாயின. இந்த ஊர்க்காரனுக்கு ஹெரால்டு மேல் பாசம் வராமல் இருக்காது. பம்பாய் குர்லாவில் செய்த பிரீமியர் பத்மினியும் அப்படித்தான். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர், 1089 சி.சி. இன்ஜின், பானெட்டைத் திறந்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் கை போகும் அளவு இடம். மும்பையில் பத்மினி டாக்சிகளுக்கு 2023 அக்டோபரோடு காலம் முடிந்தது. இந்த வண்டிகளைக் காப்பாற்றுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் வண்டியாக இவற்றை யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு கண்ணாடி ரப்பருக்காக ஆறு மாதம் காத்திருந்தவன் நான். காத்திருக்கும் அந்த ஆறு மாதத்தில், கற்றுக்கொள்ளும் ஆசை போய்விடும்.

கற்றுக்கொள்ள மாருதி 800 நல்ல வண்டி. காரணம் பாசமல்ல, உதிரி பாகம். 1983 டிசம்பரில் வந்த இந்த வண்டி 2014 ஜனவரி வரை, முப்பது வருடம், தயாரிப்பில் இருந்தது. அதே 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜினைப் போட்டுத்தான் ஆம்னி வேனும் ஓடியது. அது 2019 வரை வந்தது. ஆகவே வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், கேஸ்கெட் செட் எதுவானாலும் மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் கடையில் கிடைக்கும். 650 கிலோ அளவுதான் எடை. பன்னிரண்டு அங்குல வீல். தனி ஆளாக வீலைக் கழற்றித் தூக்கி வைக்கலாம். தப்புச் செய்தாலும் இந்த வண்டியில் கட்டணம் குறைவு. அதனால் தம்பியின் தேர்வில் எனக்குக் குறை இல்லை. அந்தக் குறிப்பிட்ட வண்டியைத்தான் சந்தேகப்பட்டேன். 55,000 ரூபாய்க்கு விற்கிற வண்டிக்கு எதற்குப் புதுப் பெயின்ட்?

பெயின்டுக்கு அடியில் இருப்பது பட்டி. துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தில் நல்ல தகரம் வெட்டி வைத்து வெல்டு செய்ய நாலு நாள் ஆகும். பட்டி அப்பித் தேய்த்துப் பெயின்ட் அடிக்க ஒரு நாள் போதும். ஆறு மாதத்தில் அதே இடம் கொப்புளம் போலக் கிளம்பும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சின்ன காந்தம் ஒன்றை மெல்லிய கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்கு மேல் வளைவு, ரன்னிங் போர்டு ஆகிய இடங்களில் மெதுவாக வைத்துப் பாருங்கள். தகரம் இருக்கிற இடத்தில் வெடுக்கென்று ஒட்டும். பட்டி கனமாக இருக்கிற இடத்தில் வழுக்கிக் கீழே வரும்.

அடுத்து, டிரைவர் பக்க மேட்டைத் தூக்கி, அதற்கு அடியில் உள்ள கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்கள். விற்பவர் தயங்கினால் அதுவே பாதிப் பதில். 800-இல் தண்ணீர் உள்ளே வருவதற்கு ஒரு வழி இருக்கிறது. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் மழைத் தண்ணீர் வடிய ஒரு பள்ளம். வேப்பமரத்தடியில் வருடக்கணக்காக நின்ற வண்டியில், உதிர்ந்த இலை மக்கி அந்த வடிகாலை அடைத்துவிடும். தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளே இறங்கிக் கார்ப்பெட்டுக்கு அடியில் நிற்கும். மேலே பார்த்தால் எல்லாம் உலர்ந்திருக்கும்; அடியில் தகரம் பிஸ்கட் மாதிரி பொடிந்துகொண்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடிப் பக்கத்தால் மெல்லத் தட்டுங்கள். ‘டங்’ என்றால் தகரம். ‘பொத்’ என்றால் வேண்டாம். பேட்டரி உட்காரும் தட்டையும், முன் சஸ்பென்ஷன் மேலே வந்து மாட்டும் அப்ரானையும் இப்படியே பாருங்கள். அப்ரான் துருப்பிடித்திருந்தால் பேரமே பேசாதீர்கள். சக்கரத்தின் பாரம் முழுக்க அதில்தான் நிற்கிறது.

அடிபட்ட வண்டியா என்று தெரிந்துகொள்ள, கதவுச் சட்டத்தில் மாட்டியிருக்கும் ரப்பரை ஒரு சாண் நீளத்துக்கு உருவிப் பாருங்கள். கம்பெனியில் இரண்டு தகரத்தைச் சேர்த்த இடத்தில், வரிசையாக, ஒரே இடைவெளியில், பொட்டு வைத்த மாதிரி ஸ்பாட் வெல்டிங் குழிகள் தெரியும். அவை இல்லாமல் வழுவழுவென்று இருந்தாலோ, கோணல்மாணலாக வெல்டிங் ஓடியிருந்தாலோ அந்தப் பக்கம் வெட்டி ஒட்டியது என்று பொருள்.

சென்னையில் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முழுகிய வண்டிகள் கழுவித் துடைத்து இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சீட், கார்ப்பெட் எல்லாம் மாற்றியிருப்பார்கள். சீட் பெல்ட்டை மாற்ற யாருக்கும் தோன்றாது. பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். வழக்கமாகச் சுருண்டு கிடக்கும் கடைசிப் பகுதியில் மண் நிறத்தில் கோடு விழுந்திருந்தால், தண்ணீர் அந்த உயரம் வரை நின்றது என்று அது சொல்கிறது. எனக்கு ஒரு நல்ல வண்டி போல் தெரிந்ததை இந்த ஒரு கோடுதான் வேண்டாம் என்று சொல்ல வைத்தது.

இப்போது தாள். தம்பி ஆர்.சி.யின் படத்தைக் கேட்டு வாங்கிக் காட்டினான். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். நம் ஊரில் எஃப்.சி. காட்டுவது என்போம். 1998 வண்டி என்றால் 2013, 2018, 2023 என்று மூன்று முறை காட்டியிருக்க வேண்டும். இந்த வண்டி 2018-இல் காட்டியதோடு சரி. 2022 ஏப்ரலுக்கு முன்னால் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாய். அதன் பிறகு 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் தனி. பசுமை வரி வேறு. கணக்குப் போட்டுப் பார்த்தபோது 55,000 ரூபாய் வண்டி எங்கேயோ போய் நின்றது. தம்பி டீயைக் குடிக்க மறந்துவிட்டான்.

பெயர் மாற்றத்தை யாரும் தள்ளிப்போடக் கூடாது. “அப்புறம் மாத்திக்கலாம் சார், ஓப்பன் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்று சொல்லும் புரோக்கர்கள் நிறையப் பேர். 29, 30-ஆம் எண் படிவங்களில் வெறும் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு மூன்று கை மாறிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். விற்பவருக்கும் இது ஆபத்து. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்குகிறவருக்கோ, முதல் ஓனர் இறந்துபோனால் வாரிசுச் சான்றிதழில் தொடங்கி அலைச்சல். ஆர்.சி.யில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், கடன் எப்போதோ கட்டி முடிந்திருந்தாலும், 35-ஆம் எண் படிவமும் தடையில்லாச் சான்றும் விற்பவர்தான் வாங்கித் தர வேண்டும். சேசிஸ் எண்ணைக் கண்ணால் படிப்பதோடு விடாமல், அதன் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். எண்கள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழுகின்றனவா என்று வெளிச்சத்தில் பார்க்கலாம்.

டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படுகிறவர்களும் உண்டு. டெல்லி வட்டாரத்தில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்கும் 10 வருடம் தாண்டிய டீசல் காருக்கும் வந்த தடையால் அங்கே விலை விழுந்தது உண்மை. ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு வரி எல்லாம் சேர்த்தால், 800 போன்ற சின்ன வண்டிக்கு அந்த மலிவு மிஞ்சாது.

தகரமும் தாளும் தேறிய வண்டிக்குத்தான் பானெட்டைத் திறக்க வேண்டும். காலையில் போங்கள். “நீங்க வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்” என்று சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டு ஆறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட் ஆனவுடன் ஒரு கணம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல், சின்னச் செலவு. ஓட்டும்போது, ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க நீலம் தொடர்ந்தால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, கார்புரேட்டர் வேலை. வெள்ளைப் புகை, அதுவும் இன்ஜின் சூடான பிறகும் விடாமல் வந்தால், தண்ணீர் உள்ளே எரிகிறது. சைலன்சர் நுனியில் குளிர்காலைப் பொழுதில் சொட்டும் நாலு துளித் தண்ணீரைப் பார்த்து பயப்படாதீர்கள், அது இயற்கை.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. நம் கிளாசில் இருக்கும் டீயின் நிறத்தில், பாலேடு மாதிரி ஒட்டியிருந்தால், ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும். மூடியைக் கழற்றிய நிலையிலேயே இன்ஜினை ஓடவிட்டால், அந்த ஓட்டையிலிருந்து புஸ் புஸ்ஸென்று புகை தள்ளுகிறதா? மெக்கானிக்குகள் இதைப் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கம்ப்ரஷன் கேஜ் ஒன்று வாங்கி, மூன்று பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அளக்கலாம். மூன்றும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். இரண்டுக்கு நடுவே சதுர செ.மீ.க்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கழற்றிய பிளக்கின் நுனி செங்கல் நிறமாகவோ லேசான காப்பி நிறமாகவோ இருந்தால் அந்த சிலிண்டர் சுகமாக இருக்கிறது.

இதில் எது கெட்டிருந்தாலும் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அவ்வளவுதான். வண்டியைத் தள்ள இவை காரணமில்லை.

வாங்கி வந்த முதல் மாதம் என்ன செய்வது என்று தம்பி கேட்டான். அவன் மனதில் இருந்தது மியூசிக் சிஸ்டமும் அலாய் வீலும். நான் சொன்னது திரவங்களும் ரப்பரும். விற்றவர் “இப்பதான் ஆயில் மாத்தினேன்” என்று சொன்னாலும் நம்மைப் பொறுத்தவரை அந்த வண்டியின் வயது நாம் வாங்கிய நாளில்தான் தொடங்குகிறது. இன்ஜின் ஆயில், ஃபில்டர், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் ஐந்தையும் மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை குறையும். ஏற்காடு மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது அது கொதித்து, காலுக்கு அடியில் பெடல் பஞ்சு போல் இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது போதும்.

கூலன்ட் பற்றிக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பழைய வண்டிகள் சாவது பெரும்பாலும் சூட்டினால்தான். போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது நம் வழக்கம். வீட்டில் வெந்நீர் போடும் ஹீட்டரில் வெள்ளையாகப் படிகிறதே உப்பு, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. குழாய் அடைபட்டுச் சூடு ஏறியதும் அடுத்த வைத்தியம் ஒன்று செய்வார்கள்: தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. “நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்ல சார்” என்பார்கள். அந்த வால்வு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைத்து, வேண்டிய சூடு வந்ததும் திறக்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். அதுவரை பெட்ரோல் சரியாக எரியாது, கரி படியும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும், போர் தேயும். நோய் அடைத்துக்கொண்ட ரேடியேட்டரில் இருக்க, வால்வைத் தூக்கிப் போட்டு என்ன பயன்? ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கூலன்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கடையில் வாங்கி மாட்டுங்கள். மாட்டும் முன் அடுப்பில் ஒரு கிண்ணம் தண்ணீரில் அதை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்க வைத்துப் பாருங்கள். கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அது மெதுவாக வாய் திறப்பதைப் பார்க்கலாம். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் மறக்கவில்லை.

ரப்பர் கிலோமீட்டரால் சாவதில்லை, வயதால் சாகிறது. அதனால் “வெறும் 30,000 கிலோமீட்டர் ஓடின வண்டி” என்று கேட்டதும் துள்ளிக் குதிக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் பளபளவென்றிருந்தாலும் அது கிழட்டு டயர். டைமிங் பெல்ட், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஓஸ், ஆக்ஸில் பூட் எல்லாவற்றுக்கும் இதே நியாயம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் ஓஸைத் தனியாகச் சொல்ல வேண்டிய காலம் இது. இப்போது பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 1998-இல் இந்த வண்டிக்கு ஓஸ் செய்தவர்கள் அதை நினைத்துச் செய்யவில்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைக்கும், வெடிக்க வைக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். காலையில் வண்டிப் பக்கம் போனதும் பெட்ரோல் வாசனை வந்தால் ஸ்டார்ட் செய்யாமல் முதலில் ஓஸைத் தடவிப் பாருங்கள். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுவது ஒரு நாள் வேலை. செய்து முடித்தால் நிம்மதி. எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு, எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. புது வண்டிகளில் கம்ப்யூட்டர் அதற்கேற்ப அளவை மாற்றிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. அதை நாம்தான் கையால் கொஞ்சம் திருப்பிச் சரிக்கட்ட வேண்டும். மாதக்கணக்கில் பெட்ரோலை டேங்கில் தேக்கி வைக்காமல், வாரம் ஒருமுறையாவது வண்டியை நல்ல சூடு வரும் வரை ஓட்டுங்கள்.

கற்றுக்கொள்வது என்றால் என்ன என்று தம்பிக்குப் புரிய வைக்க என் கதை ஒன்றைச் சொன்னேன். என் முதல் 800 ஒரு மழைக்காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. சாவியைத் திருப்பினால் ‘கட கட’ என்று ஒரு சத்தம், செல்ஃப் சுற்றவில்லை. பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதுசு போட்டேன். ஒரு வாரம் ஓடியது. மறுபடி அதே சத்தம். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன், புஷ் எல்லாம் மாற்றினார்கள். பத்து நாள் ஓடியது. பிறகு டைனமோ சரியாகச் சார்ஜ் செய்யவில்லை என்றார்கள். அங்கேதான் நான் நிறுத்திக்கொண்டு, ஒரு மல்டிமீட்டர் வாங்கி வீட்டில் உட்கார்ந்தேன்.

பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் காட்டியது, நல்ல பேட்டரி. தள்ளி ஸ்டார்ட் செய்து பார்த்தால் 14 வோல்ட். டைனமோவும் நன்றாக இருக்கிறது. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை நேராக இன்ஜின் பிளாக்கின் மேலும் வைத்துக்கொண்டு, மகனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அந்த இரண்டு இடமும் ஒரே கேபிளால் இணைந்தவை. நடுவே அரை வோல்ட் கூட விழக் கூடாது. எனக்கு நாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் கேபிள், பாடியில் முடுக்கியிருந்த இடத்தில் பச்சைப் பூத்துத் துருவேறி இருந்தது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். இருபது நிமிட வேலை. அதன் பிறகு அந்த வண்டியை விற்கும் வரை செல்ஃப் தகராறு செய்யவில்லை. கழற்றி மாட்டும்போதெல்லாம் அந்த இணைப்பு கொஞ்சம் அசைந்து தற்காலிகமாகச் சரியானதைத்தான், ரிப்பேர் பலித்தது என்று எல்லோரும் நினைத்திருக்கிறோம்.

ஆகவே பாகம் வாங்கும் முன் அளந்து பாருங்கள். ஸ்பேனர் செட்டுக்கு அடுத்து வாங்க வேண்டியது மல்டிமீட்டர்தான்.

பாகம் வாங்க எங்கே போவது? சென்னைக்காரர்களுக்குப் புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. கழற்றிய பாகத்தைக் கையில் எடுத்துப் போங்கள். 800-இல் வருடத்துக்கு வருடம் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு. கதவு, கண்ணாடி, டாஷ்போர்டு, கார்புரேட்டர் பாடி போன்றவற்றைப் பழசில் வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றையும் பழசில் வாங்கவே வாங்காதீர்கள். பில்லோடு புதுசு மட்டும். நல்ல மெக்கானிக் ஒருவரின் பழக்கமும் வேண்டும். எல்லாவற்றையும் நாமே செய்துவிட முடியாது. ஹெட் இறக்குவதை நான் இன்றும் அவரிடம்தான் விடுகிறேன். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்கிறார். செலவைப் பொறுத்தவரை என் அனுபவம்: வண்டிக்கு என்று வைத்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விலையாகக் கொடுக்காதீர்கள். மீதி ஒரு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே தேவைப்படும்.

தம்பி அந்த வெள்ளை வண்டியை எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, தாம்பரம் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் 2006 வண்டியைக் காட்டினான். பெயின்ட் வெளுத்துப்போய், பம்பரில் கீறல், இன்ஜினில் லேசாக ஆயில் கசிவு. தரைத் தகரம் முழுசாக இருந்தது. எஃப்.சி. 2026 வரை. காந்தத்தை நானே வைத்துப் பார்த்தேன். எடு என்றேன்.

அவனிடம் கடைசியாக ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன், உங்களிடமும் கேட்கிறேன். காரோடு வரும் ஜாக்கி, பஞ்சர் ஆனால் வீல் மாற்ற மட்டும் கொடுத்தது. அதை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். செங்கல்லும் காங்கிரீட் கல்லும் பாரத்தில் சொல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாங்கி, சமதரையில், மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் உட்கார வைத்து, கையால் நன்றாக ஆட்டிப் பார்த்த பிறகு உள்ளே போங்கள். வீட்டில் ஒருவர் இருக்கும்போது மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள். ஸ்டாண்டு வாங்கப் பணம் சேரும் வரை, பானெட்டுக்கு மேலேயே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.